ஊருணிக்கு யாரிடம் போவது? எம்.எல்.ஏ., கிராம சபை, கலெக்டர் மனு, நீதிமன்றம்: ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டில் ஓர் ஊருணி வற்றிக் கிடந்தால் முதலில் அதன் வரத்துக்காலைப் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். மழை குறைந்த பூமி இது. ஊருணிக்குக் கல்படியும் மதிலும் கட்டி வைத்த முன்னோர், மழைத்தண்ணீர் ஓடிவர வழியும் விட்டு வைத்தார்கள். அந்த வழியில் இன்று ஒரு காம்பவுண்டுச் சுவர், அதைத் தாண்டி இரண்டு கடை, ரோடு போட்டபோது மண் மூடிப்போன ஒரு குழாய்ப்பாலம். ஐப்பசி மழை கொட்டினாலும் ஊருணிக்கு முழங்கால் தண்ணீர்தான்.

கல்லல் பக்கம் எங்கள் ஊரில் இப்போது இதே பேச்சுதான். எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம் என்கிறார்கள் சிலர். சிவகங்கைக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுப்போம் என்கிறார்கள் சிலர். இளைஞர்கள் ரோட்டை மறிப்போம் என்கிறார்கள். சென்னையில் இருக்கும் உறவுக்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போடுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். எல்லாமே சட்டம் நமக்குத் திறந்து வைத்திருக்கும் வழிகள்தான். ஆனால் எந்தக் காரியத்துக்கு எந்த வழி என்று பிரித்துப் பார்க்காமல் போனால் ஒரு வருடம் அலைந்தும் ஒரு கூடை மண்கூட நகராது.

எங்கள் ஊருணி விவகாரத்துக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. தூர்வார வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும்; அதற்குத் தாசில்தாரின் கையெழுத்து வேண்டும். குழாய்ப்பாலத்தைச் சீர்செய்ய வேண்டும். அந்த ரோடு யாருடையதோ அந்தத் துறையின் பொறியாளர் வர வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மனுவில் எழுதி ஒரே ஆளிடம் கொடுத்தால், தன் பங்கு இல்லாத இரண்டைக் காரணம் காட்டி அவர் மூன்றையும் ஒதுக்கி வைத்துவிடலாம்.

பணத்துக்கு எம்.எல்.ஏ.வே நேரான வழி. தொகுதி மேம்பாட்டு நிதியாகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் ஒதுக்கப்படுகிறது. தூர்வாருவது, படித்துறை கட்டுவது, சுற்றுச்சுவர் எழுப்புவது போன்ற வேலைகளை அவர்களிடம் கேட்கலாம். முன்னே போய் நின்று கொடுக்கக்கூடிய வேலை என்பதால் அவர்களுக்கும் விருப்பம் இருக்கும். ஆனால் காம்பவுண்டுச் சுவரை இடிக்கச் சொல்லி எம்.எல்.ஏ.விடம் போகாதீர்கள். சுவர் கட்டியவரும் வாக்காளர், அவருக்குச் சொந்தபந்தம் இருக்கிறது. ‘பேசிப் பார்க்கிறேன்’ என்பார். அது அவர் கெட்டவர் என்பதால் வரும் பதில் இல்லை. ஓட்டு வாங்கி வருகிற யாராக இருந்தாலும் கொடுப்பது எளிது, ஒருவரிடமிருந்து எடுப்பது கடினம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரு ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று சலித்துக்கொள்வோருக்கு நம் தொகுதியே பதில் வைத்திருக்கிறது. 2009 மக்களவைத் தேர்தலில் சிவகங்கையில் ப. சிதம்பரம் வென்றது 3,354 ஓட்டு வித்தியாசத்தில். நான்கைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்தால் அவ்வளவு ஓட்டு வந்துவிடும். ஆகவே தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஊருணிக் கோரிக்கையைத் தாளில் எழுதிக் கொடுத்து, பத்துப் பேர் முன்னிலையில் வாசித்துக் காட்டுவது நல்ல வழி. தேர்தல் புறக்கணிப்புப் பேனர் கட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. போடாத ஓட்டை யாரும் எண்ணுவதில்லை, பேச்சுவார்த்தைக்கு வருவதும் அனேகமாக ஒரு வருவாய்த்துறை அதிகாரிதான்.

நமக்கு மிக அருகில் இருக்க வேண்டிய ஓட்டு ஊராட்சித் தலைவருக்கான ஓட்டு. அதில்தான் தமிழ்நாடு நம்மைத் திரும்பத் திரும்பக் கைவிட்டிருக்கிறது. 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது, ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. தெருக்குழாயில் தண்ணீர் வராத காலையில் வீட்டு வாசலில் போய்க் கேட்க ஒரு தலைவர் இல்லாத ஊரில், மற்ற வழிகள் எல்லாமே இன்னும் முக்கியமாகின்றன.

அதில் கிராம சபையை நான் முதலில் வைப்பேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் வந்தது, 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் இருப்பது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் அத்தனை பேரும் உறுப்பினர்கள். குடியரசு நாள், மார்ச் 22 தண்ணீர் நாள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

நடப்பது எப்படி? ஊராட்சி அலுவலகத்து முன்னால் ஒரு சாமியானா, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி. அரசு அனுப்பிய பொருள்களைச் செயலர் வேகமாக வாசிப்பார். டெங்கு, பிளாஸ்டிக் ஒழிப்பு, வரவு செலவு. வாசிக்கும்போதே இன்னொரு பக்கம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் இப்படி நோட்டு கைமாறி வரும்போது, வளவு வீட்டு ஆச்சி ஒருவர் பேனாவை வாங்காமல், “தம்பி, இதில் என்ன எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் போடுறேன்” என்றார். நோட்டில் மேலே தேதி மட்டும் இருந்தது, பக்கம் வெறுமை. “கூட்டம் முடிஞ்சு எழுதிருவோம் ஆச்சி” என்றார் செயலர். “அப்ப எழுதின பிறகே போடுறேன்” என்று ஆச்சி உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண்களும் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்குத் தீர்மானம் கூட்டத்திலேயே எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்து ஆனது. ஜனநாயகத்தைப் பற்றி எவ்வளவோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஆச்சி காட்டியதற்கு மேல் எதுவும் எனக்கு விளங்கவைத்ததில்லை.

தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஊருணியைச் சீரமைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. புல எண், பரப்பு, கிராமக் கணக்கில் அது எந்த வகைப் புறம்போக்கு, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது, அளந்து தர வேண்டியது யார், எத்தனை நாளுக்குள், இதன் நகல் யார் யாருக்குப் போக வேண்டும் என்பது வரை இருக்க வேண்டும். நில விவரம் உள்ள அ-பதிவேடும் எல்லை காட்டும் புலப்படமும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. முந்தைய நாளே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கிராம சபைத் தீர்மானத்துக்குப் பலம் உண்டா என்ற சந்தேகம் நியாயமானது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கிராம சபைகளிடமே கேட்கச் சொல்லி 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பன்னிரண்டு கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. ஆனால் அங்கே வன உரிமைச் சட்டம் துணைக்கு இருந்தது. நம் ஊர்த் தீர்மானத்துக்கு அப்படிப்பட்ட நேரடிப் பலம் கிடையாது.

அப்படியானால் வீணா? நம் பக்கத்து மேலூரைப் பாருங்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏல உரிமை கொடுத்தது. அந்த மாதமே சுற்றுப்பட்டுக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை வரை திரண்டு போனார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்து. மூன்று மாதம்கூட ஆகவில்லை. தீர்மானம் தனியாக நின்று இதைச் செய்யவில்லை. ஆனால் தீர்மானம் இருந்ததால்தான் ‘சிலர் தூண்டிவிடுகிறார்கள்’ என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. ஊர் மொத்தமும் சொன்னது என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே அரசு ஒரு முடிவைத் திரும்பப் பெற்றால் போதும் என்ற நிலை. நமக்கோ அரசு இறங்கி வந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும். எதிர்ப்பதைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

அடுத்தது கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை மனு. குறைதீர்க்கும் நாளில் கூட்டம் நெரியும். அரை நிமிடம் கிடைக்கும், மனுவின் மேல் துறையின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த மனு அங்கிருந்து தேவகோட்டை ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியருக்கு), அவரிடமிருந்து தாசில்தாருக்கு, கடைசியில் நம் ஊர் வி.ஏ.ஓ. மேசைக்கே வந்து சேரும். ஆக்கிரமிப்பு இருப்பதை இத்தனை நாளாகப் பார்த்தும் பேசாமல் இருந்தவரே பதில் எழுதுவார். முதல்வர் உதவி எண்ணான 1100க்குப் போன் போட்டாலும் ‘முதல்வரின் முகவரி’க்கு எழுதினாலும் பாதை அனேகமாக இதேதான். எனக்கு இதில் மனக்கசப்பு உண்டு. ஒரு மனுவுக்கு, இடத்தைப் பார்க்காமலே ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பதில் வந்து முடித்து வைக்கப்பட்டதைக் கையில் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் மனுவை விடக் கூடாது, அந்த ஒப்புகைச் சீட்டுக்காக. எண்ணும் தேதியும் போட்ட அந்தச் சீட்டு இல்லாமல் பின்னால் எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. கலெக்டர் மனுவைவிட எனக்குப் பிடித்தது ஜமாபந்தி. மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஊர் ஊராகக் கிராமக் கணக்குகளை விரித்து வைத்துச் சரிபார்க்கும் நாள் அது. நம் ஊரின் கணக்குப் புத்தகம், வி.ஏ.ஓ., தாசில்தார், மேல் அதிகாரி எல்லாரும் ஒரே அறையில் இருக்கும் நாள் வருடத்தில் அனேகமாக அது ஒன்றுதான். அந்தப் புல எண்ணைக் காட்டி, இந்த ஆக்கிரமிப்புக்கு பி மெமோ (ஆக்கிரமிப்பைப் பற்றி வி.ஏ.ஓ. எழுதும் குறிப்பு) போட்டிருக்கிறதா என்று கேட்டால், ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று தள்ளிப்போட முடியாது. புத்தகம் எதிரிலேயே இருக்கிறது.

எல்லை தாண்டிய ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. ராயவரம், கோனாபட்டுப் பக்கம் புதுக்கோட்டைக் கலெக்டரிடம் போக வேண்டும். திருமயம் தொகுதி மக்களவைக்குச் சிவகங்கையில் சேர்ந்திருப்பதால் எம்.பி. மட்டும் நம்முடைய எம்.பி.தான்.

தகவல் உரிமைச் சட்டம் எதையும் நேரடியாகச் செய்து தராது, ஆனால் மற்ற எல்லா வழிக்கும் கூர் ஏற்றும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளம் என்பது உண்மை. ஆகவே கேள்வியை முதல் தடவையே சரியாகக் கேட்க வேண்டும். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறது, விளக்கத்தை இல்லை. ‘இந்தப் புல எண்ணில் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7ஆம் பிரிவின் கீழ் கொடுக்கப்பட்ட நோட்டீஸ்களின் நகல் தருக’ என்று கேளுங்கள். நோட்டீஸ் இருந்தால் நகல் வரும். இல்லை என்று எழுதினால் அந்த ‘இல்லை’யே ஆதாரம். கோப்பை நேரில் போய்ப் பார்க்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இந்த வழி செட்டிநாட்டுக்கு மிகவும் பொருந்தும் என்பேன். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாததால் கிராம சபையில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் தகவல் கேட்க இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், எங்கிருந்தும் அனுப்பலாம். ஊரில் இருப்பவர் தன் பெயரில் கேட்டால் மறுநாளே சுவர்க்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். வெளியூரில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

நீதிமன்றம் கடைசியில் வருகிறது, பலம் அதிகம் என்றாலும். பஞ்சாபின் ஓர் ஊர்க்குளம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், பொது நிலத்து ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் போடச் சொல்லி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சட்டத்தின் பக்கம் நமக்குக் குறையே இல்லை. மதுரைக் கிளைக்கு ஒரு பொதுநல வழக்குப் போனால், மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து எட்டு வாரத்திலோ பன்னிரண்டு வாரத்திலோ முடிவெடுக்க வேண்டும் என்ற உத்தரவு வரும் வாய்ப்பு அதிகம். கவனியுங்கள்: ‘மனுதாரரின் மனுவை’. அந்த மனுவும் ஒப்புகைச் சீட்டும் முன்பே இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

உத்தரவு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் கண்டதேவியை நினைத்துக்கொள்ள வேண்டும். தேவகோட்டைக்குப் பக்கத்தில் அந்தக் கோயில் தேர் வடத்தை எல்லாச் சமூகத்தாரும் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் தடையே கிடையாது, நீதிமன்றமும் பல முறை சொல்லியது. அப்படியிருந்தும் பதினேழு வருடம் தேர் ஓடாமல் நின்று, 2024 ஜூனில்தான் பெரும் போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. நீதிபதி கையெழுத்திட்ட தாள் ஊருக்குள் நடந்து வர, ஊருக்குள்ளேயே அதை விரும்புகிறவர்கள் வேண்டும். சம்மதம் இல்லாத ஊரில் உத்தரவு மட்டும் வந்தால் பகைதான் மிஞ்சும்.

சாலை மறியலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடிதண்ணீர் பத்து நாளாக வரவில்லை, மின்கம்பி அறுந்து தொங்குகிறது என்றால் அது வேலை செய்யும்; ஒரு மணி நேரத்தில் அதிகாரி வருவார். பல வருட ஆக்கிரமிப்புக்கு அது பொருந்தாது. வந்தவர் வாய்மொழியாக உறுதி கொடுத்துவிட்டுப் போவார், வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கும் பையன்கள் மேல் வழக்கு விழும்.

இன்னொரு வழியும் நம் மண்ணில் உண்டு; அதைப் பெருமையோடுதான் சொல்ல வேண்டும். நாமே செய்வது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னதால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். அரசு போட்ட கணக்கையே ஒரு தனிமனிதர் மாற்றிய காரியம் அது. இன்றும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். தூர்வார இது மிக நல்ல வழி, எம்.எல்.ஏ. நிதிக்குக் காத்திருப்பதைவிட வேகம். ஆனால் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அடுத்தவர் சுவரை நாமே இடிக்க முடியாது. அதோடு, பணம் கொடுத்தவர் சொல்லே ஊர்ச் சொல் என்று ஆகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. காசு கொடுக்க முடியாத தெருவுக்கும் அந்த ஊருணியில் சம பங்கு உண்டு. ஆகவே நன்கொடை வந்தாலும் அது கிராம சபைத் தீர்மானத்தின் வழியாகவே வரட்டும்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்தன. நகர எல்லைக்குள் போன ஊராட்சிகளுக்குக் கிராம சபை இல்லை. கவுன்சிலரும், வார்டுக்குள் கூட்டப்பட வேண்டிய பகுதி சபையும்தான் இருக்கின்றன. பகுதி சபை கூடும் தேதியைக் கேட்டு வாங்குவதே அங்கே முதல் வேலை.

எங்கள் ஊருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் வெளியூர் உறவு ஒருவர் பெயரில் தகவல் மனு, நோட்டீஸ் நகலும் அளவுப் படமும் கேட்டு. பதில் கையில் வந்தபின் அடுத்து வரும் கிராம சபையில் தீர்மானம். வரத்துக்கால் மேல் குடிசை போட்டிருக்கும் இரண்டு குடும்பத்துக்கு வேறு இடம் கிடையாது. அவர்களுக்கு மாற்று மனைப்பட்டா கொடுத்த பிறகே அந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தெருவே கையெழுத்துப் போடாது. போடக் கூடாது என்பதே என் எண்ணமும். காம்பவுண்டுச் சுவர்க்காரருக்கு அந்தச் சலுகை தேவையில்லை. பிறகு தீர்மான நகலோடு திங்கட்கிழமை மனு, ஜமாபந்தியில் இன்னொன்று. தூர்வாரும் பணத்துக்கு எம்.எல்.ஏ.விடம் தனி மனு. அதில் சுவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மனு கொடுத்து மூன்று மாதத்தில் சர்வேயர் வந்து அளக்காவிட்டால், இந்தத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி மதுரைக்கு. வழக்குச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்களிடம் இப்போதைக்கு நாங்கள் கேட்டிருப்பது 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தபால்தான்.